1,800 ரூபாய் எங்கே போனது? போனில் குழுக் கணக்குப் போடக் கற்போம்



சென்ற சில மாதங்களாகக் கூட்டங்களுக்கு வரும்போதெல்லாம், "போன்ல கணக்கு எழுதலாம்னு சொல்றாங்களே, அது நமக்கு ஒத்து வருமா?" என்று பலரும் கேட்கிறீர்கள். அதற்காகவே இந்தப் பாடம். பாடத்துக்குப் போகும் முன், நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

நடந்தது என்ன?

அது 12 பேர் கொண்ட குழு. ஒரு கூட்டத்தில் பெட்டியில் இருந்த பணத்தை எண்ணினார்கள். ரொக்கப் புத்தகத்தில் உள்ள இருப்பை விட 1,800 ரூபாய் குறைந்தது. மறுபடியும் எண்ணினார்கள், அப்போதும் குறைந்தது. "சாவி யாருகிட்ட இருந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார். சாவி ஊக்குநரிடம் இருந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த ஊக்குநர் கம்மலை அடகு வைத்து 1,800 ரூபாயைக் கொண்டு வந்து பெட்டியில் போட்டார். "எனக்கு இந்தப் பொறுப்பு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனவர் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. பணத்தைக் கட்டிவிட்டாரே, அப்படியானால் எடுத்தது உண்மைதான் என்று தெருவில் பேச்சு வந்தது.

சில மாதங்கள் கழித்துப் போனில் கணக்குப் போடும் பயிற்சியை அந்தக் குழுவில் நடத்தினோம். பழகிப் பார்ப்பதற்காகப் பழைய ரொக்கப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு மாதமாகப் போனில் ஏற்றச் சொன்னோம். நடுவில் ஓர் உறுப்பினர், "அக்கா, போன் தப்பா காட்டுது. புத்தகத்துல வேற இருக்கு" என்றார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். போன் தப்பில்லை. ஒரு பக்கத்தின் கடைசி வரியில் கையிருப்பு 4,650 ரூபாய். பக்கத்தைத் திருப்பி முதல் வரியில் எடுத்து எழுதும்போது அது 6,450 ஆகிவிட்டது. 4 இருக்கும் இடத்தில் 6, 6 இருக்கும் இடத்தில் 4. வித்தியாசம் 1,800 ரூபாய்.

யாரும் பணத்தை எடுக்கவில்லை. இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். நான்கு மாதம் யாரும் பெட்டியில் உள்ள பணத்தை எண்ணிப் பார்க்காததால் அந்தத் தவறு அப்படியே தொடர்ந்திருக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தின் கீழே "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டிருந்தது நாங்கள்தான். கூட்டலைப் பார்த்தோம், பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலையே எல்லோரும் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனோம். தீர்மானம் எழுதி 1,800 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். அடகு வட்டியையும் குழுவே ஏற்றுக்கொண்டது. இப்போது அவர் கூட்டத்துக்கு வருகிறார். ஆனால் மறுபடி ஊக்குநராக இருக்கச் சம்மதிக்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

சரியான கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

குழுக்களுக்கான பஞ்ச சூத்திரம் நமக்குத் தெரியும். தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, உள்கடன், காலத்தில் திருப்பிச் செலுத்துதல், கணக்கேடுகளைச் சரியாக வைத்தல். 1992இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கிய காலம் முதல், கடன் கேட்டுப் போகும் குழுவிடம் வங்கி பார்ப்பது கணக்கேட்டைத்தான். ஆனால் கணக்கேடு வங்கிக்காக மட்டும் இல்லை. நம்மில் ஒருவர் மேல் வீண்பழி வராமல் காப்பதும் அதுதான்.

முதல் படி: எந்த ஆப்?

கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் ஆப்கள் போனில் இலவசமாகவே கிடைக்கின்றன. கூகுள் ஷீட்ஸ், மைக்ரோசாப்ட் எக்செல், கொலாபரா ஆபீஸ் ஆகியவை அவற்றில் சில. கொலாபராவுக்கு இமெயில் கணக்கு கூடத் தேவையில்லை, பைல் நம் போனிலேயே இருக்கும். பலர் சேர்ந்து பார்க்க வசதியானது கூகுள் ஷீட்ஸ். அதனால் இந்தப் பாடத்தில் அதையே எடுத்துக்கொள்வோம்.

பிளே ஸ்டோரில் தேடி எடுக்கும்போது பெயருக்குக் கீழே கூகுள் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்க்கைத் தொட்டு எந்த ஆப்பையும் ஏற்றாதீர்கள். கணக்கு எழுதும் ஆப்புக்குப் பணம் கட்டத் தேவையில்லை. உங்கள் வங்கிக் கணக்கு எண்ணும் அதற்கு வேண்டாம்.

இரண்டாம் படி: கட்டத்தைப் புரிந்துகொள்வோம்

ஆப்பைத் திறந்து கீழே உள்ள கூட்டல் குறியைத் தொட்டால் புதிய தாள் வரும். பல்லாங்குழி போலக் கட்டங்கள் தெரியும். மேலே ஆங்கில எழுத்துகள், பக்கவாட்டில் எண்கள். 'பி' பத்தியும் 2ஆம் வரிசையும் சேரும் கட்டத்துக்குப் பெயர் பி2. நம் வீட்டுக் கதவு எண் மாதிரிதான்.

ஒரு கட்டத்தில் ஒரு தகவல் மட்டும் எழுத வேண்டும். பணம் எழுதும் கட்டத்தில் 200 என்று மட்டும் எழுதுங்கள். "200 ரூபாய்" என்று எழுதினால் ஆப் அதை எண்ணாக எடுக்காது, கூட்டலில் சேர்க்காமல் விட்டுவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

மூன்றாம் படி: சேமிப்பைக் கூட்டுவோம்

'ஏ' பத்தியில் உறுப்பினர் பெயர், 'பி' பத்தியில் இந்த மாதச் சேமிப்பு. முதல் வரிசையில் தலைப்பு. 12 பேர் என்றால் பி2 முதல் பி13 வரை நிரம்பும். பி14 கட்டத்தைத் தொட்டு, சமம் குறி, எஸ், யு, எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், அடைப்புக்குறி, பி2, மேலும் கீழுமாக இரு புள்ளி, பி13, அடைப்புக்குறி முடிவு என்று வரிசையாக எழுதுங்கள். ஆளுக்கு 200 ரூபாய் என்றால் 2,400 என்று தானாக வரும். ஒருவர் 150தான் கட்டினார் என்று மாற்றினால் மொத்தமும் உடனே 2,350 ஆக மாறும். சூத்திரத்தில் வரும் எழுத்துகளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். தமிழில் தட்டுவது சிரமம் என்றால் ஜிபோர்டு கீபோர்டில் தமிழைச் சேர்த்து, மைக் படத்தைத் தொட்டுப் பேசினாலே எழுதும். பேசியது சரியாக விழுந்ததா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நான்காம் படி: வட்டி சரியா?

10,000 ரூபாய் உள்கடன். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி. மாதம் 1,000 வீதம் 10 தவணை. மீதி அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 100, அடுத்த மாதம் 90, பிறகு 80 என்று குறைந்து கடைசி மாதம் 10. மொத்த வட்டி 550 ரூபாய். அசல் குறைவதைக் கவனிக்காமல் மாதாமாதம் 100 என்றே எழுதினால் மொத்தம் 1,000 ரூபாய் ஆகிவிடும். 450 ரூபாய் நம் சகோதரி ஒருவரின் கையிலிருந்து அதிகமாகப் போகிறது.

இதைத் தடுக்க, மீதி அசல் பி2இல் இருந்தால், சி2இல் சமம் குறி போட்டு பி2, பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, 1, வகுத்தலுக்குச் சாய்கோடு, 100 என்று எழுதுங்கள். பி3இல் சமம் குறி போட்டு பி2 கழித்தல் 1000. பிறகு இந்த இரண்டு கட்டங்களையும் நகலெடுத்துக் கீழே உள்ள வரிசைகளில் ஒட்டினால் போதும். கட்டத்தின் பெயரை ஆப்பே மாற்றிக்கொள்ளும்.

ஐந்தாம் படி: கையிருப்பு

1,800 ரூபாய் கதை மறுபடி நடக்காமல் காப்பது இந்தப் படிதான். இதற்குத் தனித் தாள் போடுங்கள்.

ஏ: தேதி
பி: தொடக்க இருப்பு
சி: வரவு
டி: செலவு (வங்கியில் கட்டிய பணமும் இதில் வரும்)
இ: முடிவு இருப்பு
எஃப்: பெட்டியில் எண்ணிய பணம்

இ2இல் சமம் குறி போட்டு பி2 கூட்டல் சி2 கழித்தல் டி2. அடுத்த மாதத்தின் தொடக்க இருப்பான பி3இல் எண்ணைக் கையால் எழுதவே கூடாது. சமம் குறி, இ2 என்று மட்டும் எழுதுங்கள். எடுத்து எழுதுகிற வேலையே இல்லாதபோது எண் இடம் மாறாது. எஃப் பத்தியில் மட்டும், எல்லோர் முன்னாலும் எண்ணி, எண்ணிய தொகையை எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் கூட்டத்தை முடிக்க வேண்டும்.

ஒத்துப்போகாவிட்டால் பதறாதீர்கள். வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கலாம். 53ஐ 35 என்று எழுதினால் வித்தியாசம் 18. நம் 1,800ஐ 9ஆல் வகுத்தால் 200. இது ஒரு துப்பு மட்டுமே, முடிவு அல்ல. ஆனால் ஆளைப் பார்க்கும் முன் எண்ணைப் பார்க்க இது உதவும்.

ஆறாம் படி: யார் பார்க்கலாம், யார் திருத்தலாம்?

ஒருவர் வீட்டுப் பையனின் இமெயிலில் குழுக் கணக்கை வைக்க வேண்டாம். குழுவின் பெயரில் தனி ஜிமெயில் தொடங்குங்கள். பாஸ்வேர்டு ஊக்குநருக்கும் ஒரு பிரதிநிதிக்கும் தெரியட்டும். நிர்வாகிகள் மாறும்போது பாஸ்வேர்டையும், அதில் கொடுத்த போன் எண்ணையும் மாற்ற வேண்டும்.

தாளைப் பகிரும்போது எழுதுகிற இருவருக்கு மட்டும் திருத்தும் அனுமதி கொடுங்கள். மற்றவர்களுக்குப் பார்க்கும் அனுமதி போதும். லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம் என்ற வசதியைப் போடாதீர்கள். யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்பது குழுவுக்குள் இருக்க வேண்டிய விஷயம். ஆதார் எண், ஓடிபி, ஏடிஎம் பின் எதையும் தாளில் எழுதக் கூடாது.

நீங்கள் கேட்ட கேள்விகள்

"எங்க ஊர்ல டவர் கிடைக்காதே?"
சிக்னல் உள்ள இடத்தில் தாளைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, ஆஃப்லைனில் கிடைக்கும்படி செய்துவிடுங்கள். நெட் இல்லாமலும் எழுதலாம். சிக்னல் வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் அப்படி எழுதும்போது ஒருவர் மட்டும் எழுதுங்கள்.

"போன் தொலைஞ்சா கணக்கும் போயிடுமா?"
போகாது. வேறு போனில் குழுவின் ஜிமெயிலைத் திறந்தால் தாள் அங்கே இருக்கும். ஆனால் 2 ஆண்டுகள் யாருமே பயன்படுத்தாமல் விட்ட கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம். இலவச இடம் 15 ஜிபி. அதைப் போட்டோக்களால் நிரப்பாதீர்கள்.

"அப்ப நோட்டு வேணாமா?"
வேண்டும். கையெழுத்து உள்ள தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் பேரேடும்தான் வங்கியிலும் தணிக்கையிலும் காட்ட வேண்டியவை. போன் அவற்றைச் சரிபார்க்கும் துணை. தப்பாக ஏற்றினால் போனும் தப்பாகத்தான் சொல்லும்.

"எழுதப் படிக்கத் தெரியாதவங்க என்ன பண்றது?"
எழுதுகிறவர் ஒவ்வொரு பெயரையும் தொகையையும் சத்தமாகப் படிக்க வேண்டும். பணம் கட்டியவர் "ஆமா" என்ற பிறகே அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். தன் பாஸ் புத்தகத்திலும் பதியச் சொல்லிக் கேட்பது ஒவ்வொருவரின் உரிமை.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

1. உங்கள் ரொக்கப் புத்தகத்தின் கடைசி மூன்று மாதங்களைப் போனில் ஏற்றுங்கள்.
2. ஒவ்வொரு பக்கத்தின் கடைசி இருப்பும் அடுத்த பக்கத்தின் முதல் வரியும் ஒன்றா என்று பாருங்கள்.
3. பெட்டிப் பணத்தை எல்லோர் முன்னாலும் எண்ணுங்கள்.
4. ஓர் உறுப்பினரின் கடனை எடுத்து, வட்டி மீதி அசலுக்குத்தான் போடப்பட்டதா என்று கணக்கிடுங்கள்.

வித்தியாசம் ஏதாவது வந்தால் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள், சேர்ந்து தேடுவோம். நாங்களும் இப்போது பக்கத்தைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறோம். அப்படிப் பார்க்காமல் போட்டால் எங்களைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.