திரையில் கோடு விழுந்தால்: வாரண்டி உள்ள கணினிக்கு என்ன செய்வது?



பிள்ளைகள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நமது டிரஸ்ட் கணினியின் திரையில், வாங்கிய எட்டாம் மாதமே நெடுக்காகக் கோடுகள் விழுந்தன. விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு நான்கு நாட்களே இருந்தன. பக்கத்துத் தெருவில் கொடுத்துப் பிரிக்கச் சொல்ல இருந்தோம். "வெளியாள் பிரித்தால் வாரண்டி போய்விடும்" என்று கல்லூரி மாணவர் ஒருவர் தடுத்தார். அன்று கற்றதை இங்கே தருகிறோம்.

1. கணினியை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மானிட்டர் கேபிளை இரு முனையிலும் கழற்றி இறுக்கமாகச் செருகுங்கள். மாமல்லபுரம், கோவளம் பக்கம் உப்புக்காற்று கேபிள் முனைகளை அரிப்பதுண்டு.

2. கோடு போகவில்லையா? மானிட்டர் எரியும்போதே, சி.பி.யூ. பக்கம் கேபிளைக் கழற்றுங்கள். 'சிக்னல் இல்லை' என்று மானிட்டரே காட்டும். அந்த எழுத்தின் மீதும் கோடு ஓடினால் பழுது மானிட்டரில்தான். எழுத்து தெளிவாக இருந்தால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அதிலும் கோடு வந்தால், மானிட்டரை ஒரு லேப்டாப்பில் இணைத்துப் பாருங்கள். அங்கே படம் சுத்தமாக வந்தால் குறை சி.பி.யூ.வில்.

3. கோட்டைக் கைபேசியில் படம் எடுங்கள். பில், வாரண்டி அட்டை, சீரியல் எண் மூன்றையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். சி.பி.யூ.வைக் கொடுப்பதாயின், ஆவணங்களையும் குடும்பப் படங்களையும் நகல் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து அழித்துவிட்டுக் கொடுங்கள்.

எங்களுடையது மானிட்டர் பழுது. கடைக்காரர் கம்பெனியைக் காட்டினார், கம்பெனி கடையைக் காட்டியது. எழுத்தில் புகார் போன பிறகே மாற்றித் தந்தார்கள். அதுவரை இரவல் மானிட்டரில் விண்ணப்பங்களை முடித்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

உங்களுக்கு மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். நமக்குச் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும்.

குறையுள்ள பொருளைத் திருப்பும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்கின்றன. குறையை மறைத்து விற்பது ஏமாற்று. கீழே போட்டு உடைத்ததைத் தானாகக் கெட்டது என்று சொல்லி வாரண்டி கேட்பதும் அதே ஏமாற்றுத்தான். இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.