கோர் கூடும்போது எங்கே சறுக்குகிறது?

அசோக் நகரில் எங்கள் வீட்டு மாடி அறைக்குச் சாயங்காலங்களில் பொறியியல் மாணவர்கள் சிலர் வருவார்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் புராஜெக்டுக்காக, ஒரே தகவலில் பல த்ரெட்டுகள் மோதாமல் காக்கும் லாக் ஒன்றை எழுதி, ஓட்டிப் பார்த்து, "எட்டு கோர்ல ஓட்டினா மூணு மடங்கு வேகம்தான் சார் வருது, லாக் சரியில்ல போல" என்பார்கள். லாக்கைப் பற்றி அப்புறம் பேசலாம், எந்த அறையில், எந்த நேரத்தில் ஓட்டினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

அக்னி நட்சத்திர வெயிலில் மாடி அறையில் லேப்டாப்பை வைத்து எடுத்த அளவை நான் ஏற்பதில்லை. ஒரே ஒரு கோர் வேலை செய்யும்போது பிராசஸர் டர்போ வேகத்துக்கு ஏறும். எல்லா கோர்களும் வேலையில் இறங்கினால் கடிகார வேகம் இறங்கும். சூடு மிஞ்சினால் இன்னும் இறங்கும். பழி மட்டும் லாக் மேல் விழும். டர்போவை அணையுங்கள். கடிகார வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை 'பெர்ஃபாமன்ஸ்' நிலையில் வையுங்கள். பேட்டரியில் ஓட்டாதீர்கள். எட்டு சிபியு என்று திரையில் தெரிந்தாலும் உண்மையான கோர் நாலே இருக்கலாம், மீதி ஹைப்பர் த்ரெடிங் கணக்கு. எந்த த்ரெட் எந்த கோரில் ஓட வேண்டும் என்பதை நீங்களே கட்டிப்போட்டுவிடுங்கள்.

அடுத்தது, எட்டு கோரில் கிடைத்த ஒற்றை எண்ணோடு நிற்காதீர்கள். 1, 2, 3 என்று ஒவ்வொரு கோராகக் கூட்டி வரைபடம் போடுங்கள். 2012-ல் எம்ஐடி ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான்: லினக்ஸின் டிக்கெட் லாக்கில் கோர் கூடக் கூட வேகம் மெல்லக் குறையவில்லை, ஒரு கட்டத்தில் சடாரென்று சரிந்தது. வங்கியில் டோக்கன் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பது போன்றது டிக்கெட் லாக். பலகையில் எண் மாறும்போதெல்லாம் காத்திருக்கும் ஒவ்வொரு கோரும் அந்த எண் இருக்கும் கேஷ் லைனை மறுபடி கொண்டுவர வேண்டும். கூட்டம் கூடினால் லாக் கைமாறும் நேரமும் கூடும். மெல்லர்-க்ரம்மியும் ஸ்காட்டும் 1991-ல் வெளியிட்ட எம்சிஎஸ் லாக்கில் ஒவ்வொரு கோரும் தனக்கென்று உள்ள இடத்தையே பார்த்துக் காத்திருக்கும். அந்த வழியில் வந்த வரிசை லாக் 2015-ல் லினக்ஸுக்குள் வந்தது. இரண்டு கோரில் மட்டும் அளந்திருந்தால் பழைய லாக்கின் ஆபத்து கண்ணிலேயே பட்டிருக்காது.

எந்த வேலையை வைத்து அளக்கிறோம் என்பதும் முக்கியம். 2002-ல் ஆர்சியு என்னும் உத்தி லினக்ஸ் கெர்னலுக்குள் வந்ததில் இந்திய ஐபிஎம்-ல் இருந்த தீபாங்கர் சர்மாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அவரும் மனீஷ் சோனியும் பால் மெக்கென்னியோடு சேர்ந்து, கோப்புப் பெயர்களைத் தேடும் டிகேஷில் அதைப் பொருத்தினார்கள். படிப்பவர் லாக் எடுக்க வேண்டாம். மாற்றுபவர்தான், பழைய தகவலைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்கும்வரை அதை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பெயர் தேடல் மிக அதிகம், பெயர் மாற்றம் குறைவு என்பதால் டிகேஷுக்கு அது பொருந்தியது. படிப்பதை மட்டும் அளந்தால் ஆர்சியு மந்திரம் போலத் தெரியும், மாற்றுவதை மட்டும் அளந்தால் சுமை போலத் தெரியும். உங்கள் புரோகிராமில் இரண்டும் எந்த விகிதத்தில் வருகின்றனவோ, அதே விகிதத்தில் அளப்பதுதான் நியாயம்.

வெறுமனே லாக் எடுத்து விடும் லூப்பும் ஏமாற்றும். லாக்கை விட்ட கோரே அதை உடனே பிடித்துக்கொள்ளும். கேஷ் லைன் அதன் கையிலேயே இருப்பதால் மொத்த எண் பிரமாதமாக வரும், மற்ற த்ரெட்டுகள் பட்டினி கிடக்கும். ஒவ்வொரு த்ரெட்டும் எத்தனை முறை லாக் பெற்றது என்று தனித்தனியே எழுதிவையுங்கள். அந்த எண்ணிகளை ஒரே அரேயில் நெருக்கி வைக்காதீர்கள். பெரும்பாலான பிராசஸர்களில் கேஷ் லைன் 64 பைட், அதற்குள் இரண்டு எண்ணிகள் சேர்ந்துவிட்டால் அளவுகோலே தடையாகிவிடும். சந்தேகம் வந்தால் லினக்ஸின் 'பெர்ஃப் சிடுசி' எந்த லைனில் மோதல் என்று காட்டிக்கொடுக்கும்.

சராசரியை மட்டும் தராதீர்கள். மிக நீண்ட காத்திருப்பு எவ்வளவு என்பதையும் தாருங்கள். பிராசஸர் பெயர், கெர்னல் பதிப்பு, டர்போ நிலை, ஒவ்வொரு ஓட்டத்தின் எண் எல்லாமே அறிக்கையில் இருக்கட்டும், இன்னொருவர் தன் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து உங்களோடு வாதாட வசதியாக.