மின்கார்க் கதவுகளைப் பற்றிய சில பிரமைகள்

காரில் சார்ஜ் முக்கால் பங்கு இருக்கும்போது கதவு எப்படித் திறக்காமற் போகும் என்று கேட்பவர்கள், சக்கரங்களைச் சுழற்றுகிற மின்சாரமும் கதவைத் திறக்கிற மின்சாரமும் ஒன்றே என்ற அபிப்பிராயத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். பெரும்பாலான மின்கார்களில் உண்மை வேறு. வண்டியை ஓட்டுகிற பெரிய பேட்டரி சுமார் 400 வோல்ட் மின்னழுத்தமுடையது. விளக்கு, வைப்பர், திரை, கதவுத் தாழ் ஆகிய சில்லறை உத்தியோகங்களையெல்லாம் பார்ப்பதோ, பழைய பெட்ரோல் காரில் இருந்ததைப் போன்ற 12 வோல்ட் சிறு பேட்டரி. பெரியதிலிருந்து சிறியதற்கு மின்சாரம் போய்ச் சேருகிற ஏற்பாட்டில் எங்கேனும் தடை நேர்ந்தால், குதிரில் நெல் நிறைந்திருந்தும் உலையில் அரிசியில்லாத வீட்டின் கதிதான்.

இது கற்பனை அன்று. 2025 ஜூனில் ஃபோர்டு நிறுவனம், 2021 முதல் 2025 வரையிலான மஸ்டாங் மாக்-ஈ கார்களில் 1,97,432 வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. சிறு பேட்டரி தளர்ந்திருக்கும் சமயத்தில் முன் ஆசனத்தார் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டால், வெளியிலிருந்து திறக்க முடியாமற்போய்ப் பின் ஆசனத்துக் குழந்தை உள்ளேயே அகப்பட்டுக்கொள்ளக்கூடும் என்பதே காரணம். பரிகாரமாக அளித்தது மென்பொருள் திருத்தம். அதே ஆண்டு செப்டம்பரில், அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2021-ஆம் ஆண்டு டெஸ்லா மாடல் ஒய் வண்டிகள் ஏறத்தாழ 1,74,000-ஐப் பற்றி விசாரணை தொடங்கியது. அங்கே வந்த புகார்களில், குழந்தையை மீட்கப் பெற்றோர் ஜன்னலை உடைக்க நேர்ந்தவையும் உண்டு.

மின்சாரம் போனால் தாழ் தானே நழுவிவிடும் என்று சிலர் சமாதானம் செய்துகொள்கிறார்கள். கதவினுள் இருக்கும் கொக்கி, தூணிலுள்ள இரும்பு வளையத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. முன்பு கைப்பிடியோடு இணைந்த கம்பி அக்கொக்கியை விலக்கிற்று, இப்போது ஒரு சிறு மோட்டார் விலக்குகிறது. மோட்டாருக்கு மின்சாரம் இல்லாவிட்டால் கொக்கி கவ்வியபடியே நிற்கும். அப்படி நிற்பதுதான் நியாயமும்கூட, ஏனெனில் ஓடும் வண்டியில் கதவு தானாகத் திறப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. கைப்பிடிக்குள் நீர் கசிந்து அப்படித் திறக்கக்கூடும் என்பதற்காக 2024-இல் வோக்ஸ்வேகன் தன் ஐடி.4 வண்டிகளில் சுமார் 98,000-ஐத் திரும்ப அழைத்தது.

இந்தக் குற்றம் மின்கார்களுக்கே பிரத்தியேகமானது என்பதும் பிரமைதான். 2005-ஆம் ஆண்டு மாடலாக வந்த பெட்ரோல் காரான கார்வெட்டிலேயே கதவு பொத்தானால்தான் திறந்தது. 2015-இல் டெக்ஸாஸின் கோடை வெயிலில் அத்தகைய கார் ஒன்றினுள் ஒரு முதியவரும் அவருடைய நாயும் சிக்கி மாண்டார்கள். ஆசனத்தின் அருகே தரையில், கையால் இழுக்கிற விடுவிப்பு அந்தக் காரில் இருக்கத்தான் செய்தது. மறுபுறம், முழு மின்காரான நிஸான் லீஃப் சாதாரணக் கைப்பிடியோடு வெகுகாலம் ஓடியிருக்கிறது.

ஆகவே 'உள்ளே இயந்திர வழியே கிடையாது' என்ற பேச்சும் முழுதும் சரியன்று. வழி உண்டு, அதை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்பதே என் குறை. மாடல் ஒய் முன்கதவில் ஜன்னல் பொத்தான்களுக்கு எதிரே ஒரு நெம்பு இருக்கிறது, தேடினால் அகப்படும். பின்கதவிலோ, அந்த வசதி வைத்த வண்டிகளில், கதவுப் பையின் அடியில் விரித்த பாயை எடுத்து, அதன் கீழுள்ள மூடியை அகற்றி, உள்ளிருக்கும் கம்பியை இழுக்க வேண்டும். மாடல் எக்ஸின் பின்கதவில் ஒலிபெருக்கியின் மூடியையே கழற்ற வேண்டும். புகை சூழ்ந்த வண்டியில் இந்தப் பாட்டை யார் படப்போகிறார்கள்? ஆசனத்தில் வாரால் கட்டப்பட்ட மூன்று வயதுக் குழந்தையா?

கண்ணாடியை உடைத்துவிடலாம் என்பதும் எப்போதும் பலிப்பதில்லை. சத்தம் குறைவதற்காகப் பல கார்களில் பக்கக் கண்ணாடியையே நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து இரட்டையாக ஒட்டிவிடுகிறார்கள். அமெரிக்க மோட்டார் சங்கமாகிய ஏஏஏ 2019-இல் சோதித்த ஆறு உடைப்புக் கருவிகளில் நான்கு சாதாரணக் கண்ணாடியை நொறுக்கின. ஒட்டுக் கண்ணாடியை ஒன்றும் வெல்லவில்லை. எந்த ஜன்னல் எவ்வகை என்பதைக் கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும் எழுத்தைக் கொண்டு இன்றே அறிந்துகொள்ளலாம்.

சீன அரசாங்கம் 2027 ஜனவரி 1 முதல், அங்கே விற்கப்படும் புதிய மாடல்களின் கதவுகளுக்கு உள்ளும் புறமும் இயந்திர விடுவிப்பு இருந்தாக வேண்டும் என்று விதித்திருக்கிறது. முன்னமே சாலைக்கு வந்துவிட்ட வண்டிகளுக்கு அவ்விதியால் அனுகூலம் ஒன்றுமில்லை. அவற்றை வைத்திருப்போர் கையேட்டில் இயந்திர விடுவிப்பைப் பற்றிய பக்கத்தைத் தேடியெடுத்து, பின் ஆசனத்தில் வழக்கமாக உட்காருகிறவரையே அந்தக் கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்க்கச் செய்ய வேண்டும்.