பெட்டியும் ஆட்டமும்

மைசூருக்கு வருவோர் அரண்மனையையும் சாமுண்டி மலையையும் கண்டு, பட்டும் சந்தனமும் வாங்கித் திரும்புகின்றனர். அந்நகரின் மற்றொரு செல்வமான கஞ்சிஃபா சீட்டுகளைத் தேடிச் செல்வோர் சிலரே. வட்டமாக வெட்டிக் கையால் வண்ணம் தீட்டப்படும் இச்சீட்டுகளை மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) பெரிதும் போற்றினார். 1831இல் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பின் மன்னருக்குக் கலைகளில் ஈடுபட நேரத்துக்குக் குறைவில்லை. புதிய சீட்டாட்டங்களை அவரே வகுத்தார். அவற்றுள் சில 18 வகைகளும் 360 சீட்டுகளும் கொண்டவை. 120 சீட்டுகள் உடைய தசாவதார ஆட்டம் நாட்டின் பல பகுதிகளில் பரவியிருக்க, மன்னரின் ஆட்டங்கள் அரண்மனையைத் தாண்டிப் பரவியதாகத் தெரியவில்லை. இன்று மைசூரு கஞ்சிஃபா புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள். சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்படுகிறது. ஆடத் தெரிந்தவரைத்தான் தேட வேண்டியுள்ளது.

தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் கருவிகள், அதாவது கன்சோல்கள், பலவற்றுக்கும் இதே கதி நேர்ந்துள்ளது. இத்தொழிலின் கணக்கு சற்று விந்தையானது. கருவியை அடக்கவிலைக்கு அருகிலும், சில வேளைகளில் அதற்கும் குறைவாகவும் விற்கின்றனர். பின்னர் விற்கும் ஒவ்வோர் ஆட்டத்திலிருந்தும் வரும் உரிமத்தொகையே ஆதாயம். ஆட்டங்கள் இல்லையேல் கருவியை வாங்குவோர் இல்லை. வாங்கியோர் போதிய அளவில் இல்லையேல் ஆட்டங்களை உருவாக்க எவரும் முன்வருவதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கும் பொறுப்பு பொறியாளருடையதன்று, தலைமையுடையது.

ஜப்பானின் சேகா நிறுவனம் இதற்குத் தெளிவான சான்று. 1995 செப்டம்பரில் வரவிருந்த ‘சாட்டர்ன்’ கருவியை அந்நிறுவனம் அமெரிக்காவில் மே மாதத்திலேயே திடீரெனக் கடைக்கு அனுப்பியது, அதுவும் நான்கு வணிக நிறுவனங்களுக்கு மட்டும். விடுபட்ட வணிகர்கள் சினந்தனர். ஒரு பெரிய பொம்மைக் கடைக் குழுமம் சேகாவின் பொருள்களையே விற்க மறுத்தது. செப்டம்பரை எண்ணி ஆட்டங்களை ஆக்கிக்கொண்டிருந்த பிற நிறுவனங்களின் பணி முடிந்திருக்கவில்லை. கருவி வந்தது, ஆட்டம் வரவில்லை. விலையோ 399 டாலர். சோனி அதே கண்காட்சியில் தன் பிளேஸ்டேஷனுக்கு 299 என அறிவித்தது.

1998இல் ஜப்பானிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் வெளிவந்த சேகாவின் அடுத்த கருவியான ‘டிரீம்காஸ்ட்’, பொறியியல் நோக்கில் காலத்தை முந்தியது. இணைய இணைப்புக்கான மோடம் உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. நல்ல ஆட்டங்களும் இல்லாமலில்லை. ஆயினும் அமெரிக்க இல்லங்களில் பெரிதும் விற்ற விளையாட்டுத் தொடர்களை உடைய எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் இதற்கென ஒன்றும் ஆக்கித்தர இசையவில்லை. முன்னர் இழந்த நம்பிக்கையைச் சிறந்த பொறியியல் மீட்டுத் தரவில்லை. 2001 ஜனவரி 31 அன்று உற்பத்தி நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. விற்றவை ஏறத்தாழ 90 இலட்சம். எதிரியான பிளேஸ்டேஷன் 2 பிற்காலத்தில் 15 கோடியைக் கடந்தது.

இதற்கு மாறான பாடத்தை நின்டெண்டோ தருகிறது. 2012இல் வந்த அதன் ‘வீ யூ’ ஏறக்குறைய 1.36 கோடியோடு நின்றுவிட்டது. வீட்டுக் கருவிக்கும் கைக்கருவிக்கும் ஒருசேர ஆட்டங்களை வழங்க நிறுவனம் திணறியதும் அதற்கு ஒரு காரணம். தலைவர் சடோரு இவாடா, தாமே நிரல் எழுதி வளர்ந்தவர். 2014இல் தம் ஊதியத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். இரு கருவிப் பிரிவுகளும் அவர் காலத்திலேயே ஒன்றாக்கப்பட்டன. வீட்டிலும் வெளியிலும் ஆடத்தக்க ‘ஸ்விட்ச்’ 2017 மார்ச் 3 அன்று, பெரும்புகழ் பெற்ற ஒரு செல்டா ஆட்டத்தோடு வெளிவந்து பத்துக் கோடிக்கு மேல் விற்றது. இவாடா அதைக் காணவில்லை; 2015இல் மறைந்தார்.

நம் நாட்டில் இத்தகைய கதை ஒன்று மைசூரிலிருந்து சுமார் 150 கி.மீ. தொலைவில் நடந்தது. ஆட்டக் கருவியன்று, கைக்கணினி. எனினும் நோய் ஒன்றே. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் பெங்களூருவின் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் 1999இல் ஓர் அறக்கட்டளை அமைத்து ‘சிம்ப்யூட்டர்’ என்பதை உருவாக்கினர். லினக்ஸில் இயங்கியது, இந்திய மொழிகளில் வாய்விட்டுப் படித்தது. ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளும்படி ஸ்மார்ட் கார்டு செருகும் வசதியும் இருந்தது. விலை ஒன்பதாயிரம் ரூபாய் அளவில் இருக்கும் என எண்ணினர். 2001இல் முன்மாதிரியைக் கண்டு உலகமே வியந்தது. 2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த ‘அமிடா’ வடிவத்தில், கையை அசைத்தாலே பக்கம் புரளும். ஐபோன் வருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்!

விற்றதோ சில ஆயிரங்களே. அறக்கட்டளை வடிவமைப்பை வைத்திருந்தது, இரு நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தனித்தனியே விற்றன, தயாரித்தது வேறொருவர். சந்தை விலை, நில ஆவணம், பாடம், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றை நாள்தோறும் ஆக்கித்தர வேண்டியவர் யார் என்பதற்கு விடை இல்லை. கர்நாடக அரசின் நில ஆவணப் பணியில் பயன்பட்டது உண்டு; ஆனால் ஊர்தோறும் வாங்கத் தூண்டும் அளவுக்கு அது போதவில்லை. அதற்குள் கைப்பேசி மலிந்துவிட்டது. திறமைக் குறைவால் இம்முயற்சி தோற்றது என்று எவரும் கூற இயலாது. அதுவே இதில் வருந்தத்தக்கது.

வாடிக்கையாளர்களுள் சிலர் விளையாட்டு நிலையம் தொடங்கக் கடன் நாடலாம். பலர் பிள்ளைகளுக்கெனத் தவணையில் கருவி வாங்கலாம். வாங்குமுன் பெட்டியின் வேகத்தைக் காட்டிலும், அடுத்த ஈராண்டில் அதற்கென வரவிருக்கும் ஆட்டங்கள் எவை, அவற்றை ஆக்குவோர் யாவர் என்பதை விசாரியுங்கள். ஓர் ஆட்டத்தின் விலை என்ன என்பதையும் கேளுங்கள். மூன்றாண்டுக் கணக்கில் அது கருவியின் விலையையே தாண்டக்கூடும். நிலையம் நடத்த விரும்புவோர் மற்றொன்றையும் காண வேண்டும்: வீட்டில் ஆடுவதற்கென விற்கப்படும் ஆட்டத்தின் உரிமம் பெரும்பாலும் கட்டணம் பெற்று நடத்தும் இடத்துக்குச் செல்லாது. கடன் விண்ணப்பத்தின் செலவுப் பட்டியலில் அந்த உரிமத்துக்கும் ஒரு வரி வேண்டும்.