‘கோ’ என்னும் ஆங்கில வினை

ஆங்கிலம் பயிலப் புகுந்த நம்மவர் முதன்முதல் இடறும் கல் ‘கோ’ என்னும் ஓரெழுத்துச் சொல்லேயாம். தமிழில் ‘கோ’ அரசனைக் குறிக்கும். ஆங்கிலத்திலோ ‘போ’ என்று பொருள்படும். ஆயினும் அரசனைப் போலவே அஃது ஆண்டும் பொதுவிதிக்கு அடங்குவதில்லை. ‘வாக்’ என்பது ‘வாக்டு’ என்றாவது போல ஈற்றில் ஓர் ஒலியைச் சேர்த்து இறந்தகாலம் காட்டும் வழக்கம் அதற்கு இல்லை. நிகழ்காலத்தில் ‘கோ’, படர்க்கை ஒருமையில் ‘கோஸ்’, இறந்தகாலத்தில் ‘வென்ட்’, துணைவினையோடு சேருங்கால் ‘கான்’ என இவ்வாறு அது வேடம் மாறும்.

‘கோ’ எங்ஙனம் ‘வென்ட்’ ஆயிற்று என்று மாணாக்கர் வினவுவர். உண்மையில் அஃது ஆகவே இல்லை. ‘வெண்டு’ என்று திரும்புதலையும் செல்லுதலையும் குறிக்கும் பிறிதொரு வினை ஆங்கிலத்தில் உண்டு. ‘செண்டு’ என்பதற்கு ‘சென்ட்’ போல, அதற்கு ‘வென்ட்’ இறந்தகாலமாயிருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘கோ’வின் இறந்தகாலத்தைக் காட்ட ‘ஏயோடெ’ என்ற வேறொரு சொல் வழங்கிற்று. 15-ஆம் நூற்றாண்டளவில் அது வழக்கொழிய, ‘வென்ட்’ அவ்விடத்திற் குடியேறியது. பிரெஞ்சு மொழியில் இதே பொருளுள்ள வினை மூன்று வேர்களினின்று வடிவங்களைக் கடன் கொண்டுள்ளது. நம் ‘வா’ என்பதும் ‘வருகிறான்’, ‘வந்தான்’ என உருமாறுகிறதெனினும் வேர் ஒன்றே. மறதியுள்ளார் ‘சென்ற’ என்பதோடு ‘வென்ட்’ என்பதை ஒலியொப்புமையால் நினைவிற் கொள்ளலாம். உறவு யாதுமில்லை, ஞாபகத்திற்கு மட்டுமே உதவும்.

வடிவங்களை நெட்டுருச் செய்வது ஒரு நாளைய வேலை. அவற்றை இடமறிந்து வழங்குவதே அரிது. அதன் பொருட்டு யாம் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்லுகின்றோம்.

திருவள்ளூர் இரயில் நிலையத்தை அடுத்த மணவாள நகரில் வசிக்கும் இளைஞரொருவர் அப்பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் ஷிப்டு முறையில் வேலை பார்த்துவந்தார். ஒருநாள் இரவு வேலை முடிந்து, பதிலாள் வந்து இயந்திரத்தை ஏற்றுக்கொண்ட பின்னரே அவர் வீடு திரும்பினார். ஆயினும் பதிலாள் வருமுன் இடத்தை விட்டகன்றார் என்று எவரோ சொல்ல, விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது. விடையை அவரே ஆங்கிலத்தில் எழுதினார்: ‘வென் தி ரிலீவர் கேம், ஐ ஹேட் கான்.’ பதிலாள் வந்ததும் யான் போனேன் என்பது அவர் கருத்து. ‘ஹேட்’ என்பதைச் சேர்த்தால் வாக்கியத்திற்குக் கம்பீரம் உண்டாகும் என்று எண்ணினார் போலும். படித்த அதிகாரிக்கோ, ‘பதிலாள் வந்தபொழுது யான் முன்னமே போய்விட்டிருந்தேன்’ என்று பொருள்பட்டது. குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டார் எனக் கருதி, மூன்று நாட் கூலியைப் பிடித்துவிட்டனர்.

இவ்வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. ‘மணி அடித்தபோது போனான்’ என்பதற்கும் ‘மணி அடித்தபோது போயிருந்தான்’ என்பதற்கும் உள்ள பேதத்தை எழுத்தறியாதாரும் அறிவர். ‘போனான்’ என்பது ‘வென்ட்’. ‘போயிருந்தான்’ என்பது ‘ஹேட் கான்’. கடந்துபோன இரு செயல்களுள் முந்தியதற்கே ‘ஹேட்’ உரியது. ஒரு செயலே உள்ளவிடத்து அதனைச் சேர்த்தல் வீண். ‘நேற்றுச் சந்தைக்குப் போனேன்’ என்னுமிடத்தும் ‘ஹேட் கான்’ என்றெழுதுவார் நம்மிற் பலர்.

‘போயிருக்கிறான்’ என்பதில்தான் தமிழ் நம்மை ஏமாற்றுகிறது. ‘அண்ணன் காஞ்சிபுரம் போயிருக்கிறான்’ என்றால் இப்பொழுது அங்கே இருக்கிறான் எனவும் கொள்ளலாம். முன்பொருகால் போய் மீண்டான் எனவும் கொள்ளலாம். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்துவிடும். இன்னும் திரும்பாதவனுக்கு ‘ஹேஸ் கான்’. சென்று மீண்டவனுக்கு ‘ஹேஸ் பீன்’. எதிரே நின்று பேசும் ஒருவன் ‘ஐ ஹேவ் கான் டு காஞ்சிபுரம்’ என்பானாயின், ஆங்கிலேயன் அவன் எங்கே நிற்கின்றான் என்று மயங்குவான். மேலும், ‘நேற்றுப் போயிருக்கிறான்’ என்று தமிழிற் கூறலாம். ‘ஹேஸ் கான்’ என்பதோடு ‘எஸ்டர்டே’ சேராது. நேற்று என்று நாள் குறித்துவிட்டால் ‘வென்ட்’ ஒன்றே பொருந்தும்.

எதிர்காலத்தில் அத்துணை இடர் இல்லை. ‘நாளை போகிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தாற் கூறுவது போலவே ஆங்கிலரும் ‘ஐ ஆம் கோயிங் டுமாரோ’ என்பர். விடைபெறுங்கால் மட்டும் ‘போய் வருகிறேன்’ என்னும் நம் மங்கல வழக்கை ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என மொழிபெயர்த்தல் வேண்டா. கேட்பவன் நாம் திரும்பிவரக் காத்திருப்பான்!

எதிர்மறையில் ‘டிட் நாட் வென்ட்’ என்பது எங்கும் கேட்கும் பிழை. இதற்கு மருந்தும் தமிழிலேயே உளது. ‘போனான்’ என்பதன் மறுதலையைப் ‘போனவில்லை’ என்று எந்தக் குழந்தையாவது சொல்லுகிறதா? ‘போகவில்லை’ என்றே சொல்லும். காலங் காட்டும் உறுப்பு அவ்வினையில் இல்லாதொழிகிறது. ஆங்கிலத்தில் காலத்தை ‘டிட்’ ஏற்றுக்கொள்ளுதலால் ‘கோ’ தன்னியல்பில் நிற்கிறது. ‘போனவில்லை’ எத்துணைக் குற்றமோ ‘டிட் நாட் வென்ட்’ அத்துணைக் குற்றமாம். வினாவிலும் இதுவே முறை: ‘டிட் ஹி கோ?’ என்க.

அவ்விளைஞர் தம் கடிதத்தின் படியை எம்மிடம் கொணர்ந்தபோது, பிழை எங்கே என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. ‘போனேன்’, ‘போயிருந்தேன்’ என்று தமிழில் இருமுறை சொல்லிக் காட்டியதும் தலையில் அடித்துக்கொண்டார். பின்னர்த் தாமே இருந்து மறு கடிதம் எழுதினார்: ‘தி ரிலீவர் கேம் அட் சிக்ஸ். ஐ வென்ட் ஹோம் ஆப்டர் தட்.’ வாயிற்பதிவேட்டில் குறித்திருந்த நேரத்தையும் அதனோடு எடுத்துக்காட்டினார். யாம் அதில் ஓர் எழுத்தும் திருத்தவில்லை. பிடித்த கூலி அடுத்த மாதச் சம்பளத்தோடு அவருக்குக் கிடைத்தது.