வாசனை என்னும் சொல்

கொல்கத்தா கல்லூரிச் சதுக்கத்தில் மகாபோதி சபையின் தருமராஜிக சைத்திய விகாரை உள்ளது. 1920-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. புத்தகயை யாத்திரை செல்லும் நம்மவர் சிலர் ஹௌராவில் இறங்கி அதனையும் தரிசிப்பதுண்டு. அந்நகரத்தாரிடம் 'வாசனை' என்றால் தங்கள் மொழியின் 'பாஸனா'வாகக் கொண்டு ஆசை என்று பொருள் செய்வர். நமக்கோ அது மணம். பாலி உரைநூல்களில் இவ்விரண்டுமன்று. நெடுங்காலம் பயின்ற செயல் ஒருவனிடத்தில் விட்டுச்சென்ற பழக்கத்தின் எச்சமே வாசனை.

பழக்கத்துக்குப் பாலியில் ஆசிண்ணம் முதலிய சொற்கள் உண்டு. வாசனை அருகியே வரும். தமிழில் அப்பொருளின் சாயல் இன்னும் மறையவில்லை. 'எழுத்து வாசனை அறியாதவன்', 'பூர்வ வாசனை' என்கிறோமன்றோ? பெருங்காயம் வைத்த பாண்டம் கழுவிய பின்னும் மணக்கும். பாண்டத்தில் பெருங்காயம் இல்லை, மணம் உண்டு.

உதானத்தில் பிலிந்தவச்ச தேரர் வரலாறு வருகிறது. இராசகிருகத்து வேணுவனத்தில் அவர் பிக்குகளை 'வசலா' என்றே விளித்து வந்தார். இழிந்தவனே என்பது பொருள். பிக்குகள் முறையிட்டனர். பகவன் அழைத்து வினவ, தேரர் மறையாது ஒப்புக்கொண்டார். 500 பிறவிகள் இடையறாது பார்ப்பனக் குடியிற் பிறந்து அவ்வாறே பேசிப் பழகியவர், உள்ளத்தில் வெறுப்பு வைத்துச் சொல்லவில்லை என்று பகவன் விளக்கியருளினார். மூலத்தில் வாசனை என்னும் சொல் இல்லை; உரைகண்ட தருமபாலரே அதனை எடுத்தாள்கிறார். கிலேசங்களை வாசனையோடும் ஒழித்தவர் புத்தர் ஒருவரே என்பது உரைமரபு.

இவ்வரலாறு நம்மிற் பலருக்கு நெஞ்சை உறுத்தும். 'வசலா' என்பதன் தமிழ் வடிவங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 'பழக்கதோஷம், மனத்தில் ஒன்றுமில்லை' என்று சொல்லித் தப்புவோர் இன்றும் உளர். அவர்களுக்கு இவ்வரலாறு இடந்தராது. தேரர் அரகந்தர், கழுவிய பாண்டம். மற்றையோர் பாண்டத்தைத் திறந்தன்றோ பார்க்கவேண்டும்! சுத்தநிபாதத்தில், தம்மையே வசலன் என்று இகழ்ந்த பாரத்துவாசனுக்குப் பகவன், வசலன் ஆவது பிறப்பாலன்று, செயலால் என்றுரைத்ததையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

இழித்து அழைத்தவனுக்கு மட்டுமா வாசனை? அழைக்கப்பட்டவனுக்கும் உண்டு. ஒருமுறை யாத்திரையில் நம்முடன் வந்த பெரியவர், பஞ்சசீலம் ஏற்று இருபதாண்டு கடந்தவர், விகாரையின் வாயிற்படியிலேயே நின்றுவிட்டார். தடுப்பார் எவருமில்லை. பிக்கு இருமுறை அழைத்த பின்னரே உள்ளே வந்தார். வந்தும் இடம் நிரம்பக் கிடக்க, சுவரோரமாய் ஒடுங்கி அமர்ந்தார்.