நகீர்: பேரீச்சங்கொட்டையின் முதுகில் ஒரு புள்ளி

  

நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைத் தட்டின் ஓரத்தில் போட்டுவிடுகிறோம். இந்த வாரம் ஒரே ஒரு கொட்டையை எடுத்துக் கழுவி, உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொட்டையில் குர்ஆனின் மூன்று சொற்கள் இருக்கின்றன.

கொட்டையில் மூன்று சொற்கள்

கொட்டையின் மேல் வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதன் பெயர் கித்மீர். கொட்டையின் ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தில் கிடக்கும் நூல் போன்ற நார்தான் ஃபதீல். கொட்டையைத் திருப்பினால் முதுகுப் பக்கத்தில், ஏறக்குறைய நடுவில், ஊசி முனையால் குத்தியது போல ஒரு சிறு புள்ளி தெரியும். அது நகீர்.

இணைவைப்போர் அழைக்கும் தெய்வங்களுக்கு ஒரு கித்மீர் அளவுகூட அதிகாரம் இல்லை என்று ஃபாத்திர் அத்தியாயம் சொல்கிறது. மறுமையில் யாருக்கும் ஃபதீல் அளவு அநீதியும் நடக்காது என்று அந்நிஸா, பனூ இஸ்ராயீல் அத்தியாயங்கள் சொல்கின்றன. நகீர் என்ற சொல் அந்நிஸா அத்தியாயத்தில் மட்டும் இரண்டு இடங்களில் வருகிறது. ஆட்சியில் பங்கு கிடைத்தாலும் மக்களுக்கு ஒரு நகீரைக்கூடக் கொடுக்காத கஞ்சர்களைப் பற்றி 53-வது வசனம் பேசுகிறது. ஆணோ பெண்ணோ, ஈமானோடு நற்செயல் செய்தவருக்கு நகீர் அளவும் குறைக்கப்படாது என்று 124-வது வசனம் உறுதியளிக்கிறது.

மிக அற்பமானது என்பதற்கான அளவுகோல் இந்த நகீர். ஆனால் கொட்டையை மண்ணில் புதைத்தால் மரம் புறப்பட்டு வருவது இந்தப் புள்ளி வழியாகத்தான். அரபு அகராதி ஆசிரியர்களும் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். கரு அந்தப் புள்ளிக்கு நேர் கீழே படுத்திருக்கிறது. அளவில் அற்பமாகத் தெரிகிற இடம்தான் மரத்தின் வாசல்.

முதலில் கீழே

கொட்டை ஈரத்தை உறிஞ்சியதும் நகீரின் மூடி திறந்து, வெள்ளையாக ஒரு குழாய் வெளியே வரும். மேல் நோக்கிக் கிளம்பும் என்றுதான் நாம் நினைப்போம். அதுவோ நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. குழாயின் நுனியில் கருவும் சேர்ந்து பயணிக்கிறது. கொட்டை இருந்த இடத்திலேயே இருக்க, கரு ஆழமான, ஈரமான இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே வேர் பிடித்த பிறகுதான் குழாயில் ஒரு கீறல் விழுந்து, முதல் இலை மேலே கிளம்பும். பாலைவனத்தின் மேல்மண் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆழத்தில் வேர் ஊன்றிய கன்றுதான் அங்கே தப்பிக்கும்.

அதுவரைக்கும் உணவு? கல் போல இருக்கிறதே, அந்தக் கொட்டையே உணவுதான். கருவின் ஒரு பகுதி கொட்டைக்குள் தங்கி, அந்தக் கெட்டிப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, உறிஞ்சிக் கன்றுக்கு அனுப்புகிறது. வித்தையும் கொட்டையையும் பிளப்பவன் தானே என்று அல்அன்ஆம் அத்தியாயத்தில் ரப்புல் ஆலமீன் தன்னை அறிமுகப்படுத்துகிறான். இந்த மெதுவான பிளப்பை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு அந்த வசனத்தை ஓதும்போது வேறொரு நிறைவு கிடைக்கும்.

முதலில் வரும் இலையைப் பார்த்தால் பேரீச்சை என்றே சொல்ல மாட்டீர்கள். புல் போல, பிளவுபடாத ஒற்றை இலை. அடுத்தடுத்து வருவனவும் அப்படித்தான். நாளாக ஆகத்தான் இலைகள் இரு பக்கமும் கீற்றுக் கீற்றாகப் பிரிந்து, நாம் அறிந்த ஓலையின் வடிவத்துக்கு வருகின்றன.

அப்போதும் தண்டு தெரியாது. மா, வேம்பு போன்ற மரங்கள் ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டே உயரும். பேரீச்சைக்கு அப்படிப் பருக்க வைக்கும் வளர்படலம் கிடையாது. அதனால் முதல் சில ஆண்டுகள் தரையை ஒட்டியே இருந்து, தன் அடிப்பாகத்தை வேண்டிய அளவுக்கு அகலமாக்கிக்கொள்கிறது. பிறகுதான் உயரும். கீழே சேர்த்த அகலத்தை வைத்துத்தான் மேலே முழு மரமும் நிற்க வேண்டும்.

சகோதரர்களே! நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஐந்து வயதில் சரளமாகப் பேச வேண்டும், பத்து வயதில் பரிசு வாங்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட ஒரு மார்க்காவது கூட எடுக்க வேண்டும். அடி அகலமாவதற்கு நாம் அவகாசமே கொடுப்பதில்லை. உண்மை பேசுவது, வெட்கம், தொழுகையின் ஒழுங்கு, பெரியவர்களிடம் மரியாதை, இவையெல்லாம் மண்ணுக்குள் நடக்கும் வளர்ச்சி. எந்த மார்க் ஷீட்டிலும் வராது. நல்ல சொல்லுக்கு இப்ராஹீம் அத்தியாயம் காட்டும் உவமையில், வேர் உறுதியாக இருப்பது முதலிலும் கிளை வானத்தில் இருப்பது அடுத்தும் சொல்லப்படுவதை யோசித்துப் பாருங்கள்.

ஜும்மார்: ஒரே ஒரு குருத்து

பேரீச்சை வளர்வது அதன் உச்சியில் உள்ள ஒரே ஒரு குருத்திலிருந்து. எல்லா ஓலையும் அங்கிருந்துதான் வருகிறது. மற்ற மரங்களில் ஒரு கிளையை வெட்டினால் இன்னொரு கிளை துளிர்க்கும். பேரீச்சையின் குருத்தை வெட்டினால் அந்தத் தண்டு அதோடு செத்துவிடும். தலை போனால் உயிர் போகிற மனிதனைப் போல. அந்தக் குருத்தின் வெண்மையான, இளசான உட்பகுதியை அரபியில் ஜும்மார் என்பார்கள். அதைச் சாப்பிடுவதும் உண்டு.

புகாரியில் வரும் சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நபி (ஸல்) அவர்களிடம் ஜும்மார் கொண்டுவரப்பட்டது. முஸ்லிமுக்கு ஒப்பான ஒரு மரம் இருக்கிறது, அது எது என்று சபையைப் பார்த்துக் கேட்டார்கள். பெரியவர்கள் காட்டு மரங்களையெல்லாம் யோசித்தார்கள். இப்னு உமர் (ரளி) அவர்களுக்குப் பேரீச்சை என்று மனதில் பட்டது. சபையில் தாம்தான் சிறியவர் என்பதால் வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிட்டார்கள். பிறகு தந்தையிடம் சொன்னபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ செல்வத்தைவிட அது பிரியமாக இருந்திருக்கும் என்ற கருத்தில் உமர் (ரளி) பதில் சொன்னார்கள்.

உமர் (ரளி) எவ்வளவு கண்டிப்பானவர் என்று நமக்குத் தெரியும். அவர் மகனிடம், பெரியவர்கள் இருக்கும் இடத்தில் உனக்கென்ன பேச்சு என்று கேட்கவில்லை. பிள்ளையின் உள்ளத்திலும் ஒரு குருத்து இருக்கிறது. பத்துப் பேருக்கு முன்னால் சொல்லும் ஒரு கேலிச் சொல் நேராக அங்கே போய் விழும்.

ஒரே தண்ணீர், வெவ்வேறு சுவை

அர்ரஃது அத்தியாயத்தின் 4-வது வசனம் அருகருகே இருக்கும் நிலங்களையும், ஒரே அடியிலிருந்து கிளைத்த பேரீச்சைகளையும், தனித்தனியாக நிற்பவற்றையும் காட்டுகிறது. பாய்வது ஒரே தண்ணீர், சுவை மட்டும் வேறு வேறு. சிந்திப்பவர்களுக்கு இதில் அத்தாட்சி இருக்கிறது என்று அந்த வசனம் முடிகிறது.

விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அஜ்வாவின் கொட்டையைப் போட்டால் அஜ்வா வராது. கொட்டையிலிருந்து வரும் ஒவ்வொரு மரமும் தாயையும் தந்தையையும் கலந்த புதிய மரம். ஏறக்குறைய பாதி ஆண் மரங்களாகவே வரும். அது ஆணா பெண்ணா என்று பூக்கும்போதுதான் தெரியும், அதற்கே நான்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை ஆகலாம். தாயைப் போலவே மரம் வேண்டுமென்றால், தாய் மரத்தின் அடியில் கிளைக்கும் பக்கக்கன்றைப் பிரித்து நட வேண்டும். இப்படி ஒரே அடியில் கிளைத்தவற்றைத்தான் குர்ஆன் ஸின்வான் என்கிறது. தந்தையின் சகோதரரைத் தந்தையின் ஸின்வு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. சொத்துத் தகராறில் பெரியத்தா, சின்னத்தாவோடு பேச்சை நிறுத்தியவர்கள் இந்த ஒரு சொல்லை நினைத்துப் பாருங்கள்.

மனிதர்கள் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல மரங்களைத் தேர்ந்தெடுத்து நட்டு வந்ததில், பேரீச்சையின் வடிவமே மெல்ல மாறியிருக்கிறது. காட்டுப் பேரீச்சையின் கொட்டை சிறியது, உருண்டையானது. தோட்டத்துக் கொட்டை நீண்டது, பழமும் சதைப்பற்றானது. ஓமனின் மலைப்பகுதிகளில் காட்டுப் பேரீச்சைகள் இன்றும் இருப்பதை ஆய்வாளர்கள் 2017-ல் அறிவித்தார்கள். வட ஆப்பிரிக்கப் பேரீச்சைகளில் கிரீட் தீவுப் பகுதியின் வேறொரு இனத்தின் கலப்பும் தெரிகிறது. நம் ஊர் ஈச்சமரமும் இதே குடும்பத்தின் நெருங்கிய உறவுதான். நிலமும் நீரும் மனிதனின் கையும் வடிவங்களை மாற்றுகின்றன. அப்படி மாறும் தன்மையை வித்துக்குள் வைத்தவன் அல்லாஹ்.

சாக்கடலுக்கு அருகே மஸாதா என்ற பழங்காலக் கோட்டையில் 1960-களில் தோண்டியபோது பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. வயது ஏறக்குறைய 2,000 ஆண்டுகள். அதில் ஒன்றை 2005-ல் மண்ணில் வைத்தார்கள். முளைத்தது, மரமாகியும் விட்டது. இவன் தேறமாட்டான் என்று பிள்ளையைப் பற்றிச் சொல்லும் முன் இந்தக் கொட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

தந்தையின் பங்கு

பெண் மரத்தின் பாளை வெடித்ததும், ஆண் மரத்தின் பூங்கொத்தை எடுத்து அதற்குள் வைத்துக் கட்டுவார்கள். மதீனாவில் இதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதனால் பயன் இருப்பதாகத் தாம் எண்ணவில்லை என்றார்கள். தோழர்கள் விட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு ஷீஸ் என்னும் தரமற்ற காய்தான் விளைந்தது. உங்கள் உலகக் காரியங்களை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். இதுவும் முஸ்லிமில் உள்ளது. மருத்துவத்தை மருத்துவரிடமும் விவசாயத்தை விவசாயியிடமும் கேட்பது மார்க்கத்துக்கு எதிரானதல்ல என்பதற்கு இது தெளிவான ஆதாரம்.

இன்னொரு விஷயம். பழத்தின் சதை தாய் மரத்தின் உடல். ஆனாலும் எந்த ஆண் மரத்தின் மகரந்தம் விழுந்தது என்பதைப் பொறுத்துப் பழத்தின் அளவும் பழுக்கும் காலமும் மாறுவதை 1920-களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பிள்ளை வளர்ப்பு தாயின் வேலை, நான் பணம் அனுப்பிவிடுகிறேன் என்று வெளிநாட்டிலிருந்து சொல்லும் தந்தைமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் குரலும் அக்கறையும் நீங்கள் தொழும் தொழுகையும் பிள்ளையின் சதையிலேயே தெரியும்.

நகீர் அளவு அநீதி

நுஃமான் பின் பஷீர் (ரளி) அவர்களின் தந்தை மகனுக்கு ஓர் அன்பளிப்பு கொடுத்தார். நபியவர்களைச் சாட்சியாக்க வேண்டும் என்று தாய் விரும்பியதால் அவர்களிடம் வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அல்லாஹ்வை அஞ்சி, பிள்ளைகளிடையே நீதமாக நடக்கச் சொன்னார்கள். அவர் திரும்பிப் போய், கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நம் வீட்டில் இந்த நகீர் எங்கே இருக்கிறது? மகனுக்குப் பெரிய கறித்துண்டு, மகளுக்குக் குழம்பு. மகனுக்குக் கல்லூரி, நன்றாகப் படிக்கும் மகளுக்கு வீட்டு வேலை. பிறகு வாப்பா மௌத்தான நாற்பது நாளைக்குள், ராத்தாவும் தங்கச்சியும் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று விடுதலைப் பத்திரம். நாம் கல்யாணம் செய்து கொடுத்ததே பெரிது என்று ஒரு சமாதானம். வாரிசுப் பங்கை அல்லாஹ் எண்ணிச் சொன்னதும் அந்நிஸாவில்தான், நகீர் என்ற சொல் வருவதும் அந்நிஸாவில்தான். ஒரு கறித்துண்டில் தொடங்கிய வித்தியாசம் முப்பது வருடத்தில் எவ்வளவு பெரிய மரமாகிறது பாருங்கள்!

எனவே இந்த வாரம் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். ஒரு கொட்டையைப் பிள்ளைகளோடு ஒரு டம்ளர் மண்ணில் புதைத்து ஈரம் காயாமல் பாருங்கள். முளைக்கச் சில வாரங்கள் ஆகும், அந்தப் பொறுமையும் பாடம்தான். இரண்டாவது, சகோதரிகளின் பங்கு கொடுக்கப்படாமல் இருந்தால், அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் போய்ப் பேசுங்கள். வெட்கத்தால் அவர்கள் கேட்காமல் இருக்கலாம். அவர்களுடைய மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளை மர்யம் (அலை) அவர்களை வளர்த்தது போல அழகாக வளரச் செய்வானாக! நகீர் அளவு அநீதியும் நம் கையால் யாருக்கும் நேராமல் பாதுகாப்பானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.